மிச்சக் கசகசா

என் தோள்பையில் கசகசா இருக்கிறது. தப்பு அதுதான். கொலை இல்லை, களவு இல்லை, கசகசா. நம் ஊரில் மளிகைக் கடைக்காரன் காகிதத்தில் மடித்துக் கொடுப்பான், கறிக்குழம்புக்கு அரைப்பார்கள், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இந்தத் துபாயில் அது போதைப்பொருள். அபின் எடுக்கிற செடியின் விதையாம். வைத்திருந்தால் ஜெயில். காலையில் காரில் வரும்போது மாப்பிள்ளை சொல்லித்தான் தெரியும். தெரிந்ததிலிருந்து நான் சரியில்லை. இப்போது வரிசையில் நிற்கிறேன். உலகத்திலேயே உசரமான கோபுரமாம், லிப்டில் ஏற்றி உச்சியிலிருந்து ஊரைக் காட்டுவார்களாம், அதற்கு வரிசை. துணிப்பட்டை கட்டி, இப்படிப் போய் அப்படித் திரும்பி மறுபடி இப்படிப் போய், திருச்செந்தூரில் தர்ம தரிசனத்துக்கு விட்ட மாதிரி வளைத்து விட்டிருக்கிறார்கள். முன்னால் மாப்பிள்ளை சிதம்பரநாதன், டிக்கெட் இருக்கிற போனைத் தீபாராதனைத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு. அவர் பக்கத்தில் மகள் செல்வி. பிறகு நான். எனக்குப் பின்னால் அவள், என் வீட்டுக்காரி. வரிசை முடிகிற இடத்தில் ஒரு எந்திரம் இருக்கிறது. பைகளை அதன் வாயில் போடுகிறார்கள், அந்தப் பக்கம் ஒருவன் உட்கார்ந்து திரையில் பார்க்கிறான். இங்கிருந்து அவன் உச்சந்தலை மட்டும் தெரிகிறது. நிமிரவே மாட்டேன் என்கிறான். நிமிராமல் வேலை பார்க்கிறவன் ஆபத்தானவன். வரிசை ஓர் அடி நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். பை இடுப்பில் இடித்தது. என்ன கனம் இருக்கப் போகிறது, நாலு கரண்டி கசகசா. இடித்தது.

மாப்பிள்ளை அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். அவருடைய ஆபீஸில் தேனிப் பக்கத்துப் பையன் ஒருவன், அவனுடைய அப்பா போன மாதம் வந்திருக்கிறார், பெட்டியில் மசால் சாமானோடு அரைக் கிலோ கசகசா, ஏர்போர்ட்டில் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள், கேஸ் இன்னும் நடக்கிறது, கிழவர் இங்கேயே கிடக்கிறார், பையனை ஆபீஸில் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். செல்வி சிரித்தாள். நல்லவேளை, சாமான் ஒண்ணும் கொண்டு வராதேன்னு அம்மாகிட்ட நான் போன்லயே சொல்லிட்டேன் என்றாள். பின் சீட்டில் என் பக்கத்தில் இருந்த அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜன்னலில் ஒன்றும் இல்லை, மணலும் விளக்குக் கம்பமும் மணலும். மதுவிலக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பஸ்ஸை மறித்துப் பை சோதிப்பது என் வேலை. ஜன்னலைப் பார்க்கிற பொம்பளையை எனக்குத் தெரியும். காரில் வைத்துக் கேட்க முடியாது. கார் ஓட்டுகிறவர் மாப்பிள்ளை. இந்தக் கட்டிடத்துக்குள் வந்து நகரும் படியில் ஏறும்போது, அவர்கள் ரெண்டு படி முன்னால் நின்றபோது, கேட்டேன். கொண்டாந்தியா? ம் என்றாள். எங்க? என் தோளைப் பார்த்தாள். தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள். படி எங்களை மேலே கொண்டுபோய்விட்டது. படி முடிகிற இடத்தில் நான் தடுக்கினேன். மாப்பிள்ளை கையைப் பிடித்தார். மாமா, பார்த்து. பார்த்துத்தான் வந்தேன் மாப்பிள்ளை, அதுதான் சங்கடம்.

எனக்கு உறக்கம் வராது. ராத்திரி டியூட்டி பார்த்துப் பார்த்து உடம்பு கெட்டுப்போயிற்று. ஓய்வு பெற்ற பிறகும் கண் கொட்டக் கொட்ட முழித்துக் கிடப்பேன். அவள்தான் கண்டுபிடித்தாள், ஒரு கரண்டி கசகசாவை ஊறப்போட்டு அரைத்துப் பாலில் கலந்து கொடுத்தால் விழுந்துவிடுகிறேன் என்று. அன்றிலிருந்து அது ஓடுகிறது. தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் பொட்டலம் கூடவே வரும். இங்கேயும் வந்துவிட்டது. மகள் சாமான் வேண்டாம் என்று சொன்னாளே என்றால், இது சாமானா, இது மருந்துல்லா என்பாள். அவள் கணக்கில் இது மசாலோடு சேராது. தைலம், பிரஷர் மாத்திரை, கசகசா. எல்லாம் ஒரே டப்பா, பச்சை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. நேற்று ராத்திரி பாலைவனத்தில் கூடாரத்தில் தங்க வைத்தார்கள். ஒட்டகம், நெருப்பு, எவனோ ஒருவன் பாவாடை கட்டிச் சுற்றிச் சுற்றி ஆடினான், எனக்குத்தான் தலை சுற்றியது. அங்கே பால் கிடைத்தால் கலந்து கொடுக்கலாம் என்று டப்பாவை என் பையில் போட்டிருக்கிறாள். கிடைக்கவில்லை. மணலில் முழித்துக் கிடந்தேன். டப்பா அப்படியே பையோடு இங்கே வந்துவிட்டது. இதில் இன்னொன்று. அதை நினைக்கக் கூடாது என்று இருந்தேன். அதற்கு முந்தின ரெண்டு ராத்திரியும் மகள் வீட்டில் குடித்திருக்கிறேன். நன்றாக உறங்கினேன். காலையில் செல்விகூட, அப்பாவுக்கு இந்த ஊர் ஒத்துக்கிடுச்சு என்றாள். ஒத்துக்கொண்டது ஊர் இல்லை. அப்படியானால் பையில் மட்டும் இல்லை, உள்ளேயும் இருக்கிறது. பையைத் தூக்கி எறியலாம். ரத்தத்தை எங்கே எறிவது? ரத்தம் எடுத்துப் பார்ப்பார்களோ. நம் ஊரில் வாயை ஊதச் சொல்வோம். இங்கே ஊசி போடுவார்கள். மகள் வீட்டு மிக்ஸியில் அரைத்திருக்கிறாள். மிக்ஸி ஜாரில் ஒட்டியிருக்கும். வாஷ்பேசினில் போயிருக்கும். அந்த வீடே ஒரு சாட்சி. வீடு யார் பேரில்? மாப்பிள்ளை பேரில். விசா? அதுவும் அவர்தான் எடுத்துக் கொடுத்தார். வரிசை நகர்ந்தது. முன்னால் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், அதற்கு முன்னால் சீனாக்காரர்கள் ஒரே மாதிரி தொப்பி போட்டுக்கொண்டு. அவர்கள் பைக்குள் என்ன இருக்கும்? தொப்பிதான் இருக்கும்.

பஸ்ஸில் ஏறினால் நான் முகத்தைப் பார்க்க மாட்டேன். முகத்தை எவனும் பழக்கிவிடலாம். காலைப் பார்ப்பேன். சரக்கு வைத்திருக்கிறவன் கால் விரல் செருப்புக்குள் சுருண்டிருக்கும். அவனுக்கே தெரியாது. மேலே சிரிப்பான், டிக்கெட்டை எடுத்து நீட்டுவான், எங்க ஐயா இவ்வளவு வெயில்ல என்று குசலம் விசாரிப்பான், கீழே விரல் நண்டு மாதிரி தரையைப் பிடித்துக் கிடக்கும். இப்போது என் விரல் சுருண்டிருக்கிறது. மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த ஷூ, வெளியே தெரியாது. ஆனால் எனக்குத் தெரிகிறதே. விரித்துப் பார்த்தேன். விரித்தால் மறுபடி சுருள்கிறது. பையைப் பார்க்கக் கூடாது. சரக்குக்காரன் பையைப் பார்த்துக்கொண்டே இருப்பான். பார்க்காமலே இருக்கவும் கூடாது. கெட்டிக்காரச் சரக்குக்காரன் பார்க்கவே மாட்டான், அது இன்னும் மோசம். சாதாரண ஆள் எத்தனை தடவை பார்ப்பான்? யோசித்துப் பார்த்தால் எனக்குத் தெரியவில்லை. சாதாரண ஆளை நான் கவனித்ததே இல்லை. ஏர்போர்ட்டில் எப்படி வந்தேன்? அங்கேயும் இதே டப்பா. விறைப்பாக நின்றேன், அந்த வெள்ளை அங்கிக்காரன் பாஸ்போர்ட்டைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், போ என்றான். கிட்டத்தட்ட சல்யூட் வைத்திருப்பேன். அன்று எனக்குத் தெரியாது. தெரியாதவன் முகத்தில் ஒன்றும் இருக்காது, வெறும் சுவர். நாய்கூட மோந்துவிட்டுப் போய்விடும். நாய். நாய் வைத்திருப்பார்கள். திரும்பிப் பார்த்தேன். நாய் இல்லை. குழந்தை வண்டியில் ஒரு குழந்தை என்னையே பார்த்தது. அதற்கு நாயைவிடக் கூரான மூக்கு. செல்வி திரும்பினாள். என்னப்பா மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க, யாரையோ பிடிக்கப் போற மாதிரி? மாப்பிள்ளையும் சிரித்தார். மாமா இன்னும் டியூட்டியிலதான் இருக்காங்க. நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேனோ. அவள் பின்னாலிருந்து என் முதுகில் ஒரு விரலால் குத்தினாள். சும்மா நில்லுங்க என்று அர்த்தம்.

பிடிபட்டவன் எல்லோரும் ஒன்றுதான் சொல்வான். எனக்குத் தெரியாதுங்க ஐயா. யாரோ கொடுத்தாங்க. சீட்டுக்கு அடியில கிடந்தது. வீட்டுக்காரி வச்சிருக்கா, நான் பார்க்கலை. கடைசியாகச் சொன்னது இருக்கிறதே, வீட்டுக்காரி வச்சிருக்கா, அதைச் சொல்கிறவனைப் பார்த்து ஸ்டேஷனே சிரிக்கும். எழுதுகிற ரைட்டர் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சிரிப்பார். நான் அதைத்தான் சொல்லவேண்டும். அதுதான் உண்மை. அதையும் எந்தப் பாஷையில்? எனக்கு இங்கிலீஷில் எஸ் சார் நோ சார் தெரியும், இந்தி கிடையாது, அரபி எங்கே. மாப்பிள்ளைதான் மொழிபெயர்க்க வேண்டும். என் மாமியார் வைத்தார், என் மாமனாருக்குத் தெரியாது என்று அவர் வாயால். அப்போது அவளைக் கூப்பிடுவார்கள். தனியாக ஓர் அறையில் உட்கார வைப்பார்கள். பொம்பளைப் போலீஸ் வரும், கறுப்பு அங்கி போட்டு, கண் மட்டும் தெரிய. அவள் என்ன சொல்வாள்? மருந்துல்லா என்பாள். சொல்லவே கூடாது. நான்தான் வைத்தேன் என்று நானே சொல்லிவிட வேண்டியதுதான். என் பை. என் டப்பா. என் உறக்கம். சரியாக வருகிறது. கேஸ் கட்டினால் ஓட்டை இல்லாத கேஸ். ஊரில் பேப்பரில் போடுவார்கள், முன்னாள் மதுவிலக்கு அதிகாரி போதைப்பொருளுடன் கைது. கொட்டை எழுத்தில் போடுவார்கள். என் பழைய இன்ஸ்பெக்டர் டீக்கடையில் படித்துவிட்டு, அவன் அப்பவே ஒரு மாதிரிதான் என்பான். சரி, என்னமும் சொல்லட்டும். நான் கிழவன். ஜெயிலில் ராத்திரி முழித்துக் கிடந்தால் என்ன, வீட்டில் கிடந்தால் என்ன. செல்விதான். அவள் முதுகு எனக்கு முன்னால் இருக்கிறது. பின்னலை மேலே தூக்கிக் கிளிப் போட்டிருக்கிறாள். இங்கே வந்தபோது ஒற்றை அறை, கட்டில் போட்டால் நடக்க இடம் இல்லை என்று போனில் அழுதாள். இப்போது ரெண்டு அறை, பால்கனி, பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டி. அந்தத் தொட்டியைத்தான் முதல் நாள் எங்களிடம் காட்டினாள், கடலைக் காட்டவில்லை, கோபுரத்தைக் காட்டவில்லை. மாப்பிள்ளைக்கு இந்த மாதம்தான் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதை மேனேஜரிடம் அவர் பேசுகிற பேச்சு சுவர் தாண்டி எனக்குக் கேட்டது. கெஞ்சுகிற குரல் இல்லை, ஆனால் கெஞ்சலுக்குப் பக்கத்து வீடு. இந்த நேரத்தில் மாமனார் கசகசாவோடு பிடிபட்டார் என்றால் யார் புதுப்பிப்பான்? மூட்டை கட்டச் சொல்வான். தொட்டியை எடுத்துக்கொண்டு எங்கே போவாள்?

மாப்பிள்ளையிடம் சொல்லிவிடலாம். அவர் வழி தெரிந்தவர். மாப்பிள்ளை, இப்படி ஆகிப்போச்சு, வெளியே போயிருவோம் என்றால் முடிந்தது. இதை நான் முதல் வளைவிலேயே யோசித்தேன். அவளிடம் திரும்பிச் சொன்னேன், உதட்டை அசைக்காமல். கண்ணை அகட்டினாள். மாப்பிள்ளை காதுல விழுந்தா நான் இந்த ஊர்ல சோறு திங்க மாட்டேன் பாத்துக்கிடுங்க என்றாள். ஏன் என்று கேட்கவேண்டியதில்லை. மகள் வேண்டாம் என்று சொன்ன பிறகு கொண்டுவந்திருக்கிறாள், அதுவும் மாப்பிள்ளை வீட்டுக்குள், அவர் மிக்ஸியில். மாமியார் என்கிற கௌரவம் ஒன்று உண்டு. அதை அவள் எனக்குக்கூடத் தந்ததில்லை, மாப்பிள்ளைக்கு முன்னால் மட்டும் வைத்திருக்கிறாள். எதிரே வந்தால் எழுந்து நிற்பாள், அவர் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவாள். கேட்டேன், அப்போ ஜெயில்ல திங்கியா? பேசாம நில்லுங்க, நான் என்ன கொலை பண்ணவா கொண்டாந்தேன், உங்களுக்கு உறக்கம் வரமாட்டேங்குன்னுதான கொண்டாந்தேன் என்றாள். சரி, சொல்லவேண்டாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கக்கூஸ் போகவேண்டும் என்றேன். சொன்னதும் மாப்பிள்ளை பட்டையைத் தூக்கிவிட்டுக் கூடவே வந்துவிட்டார். நீங்க எதுக்கு மாப்பிள்ளை என்றேன். வழி தவறிருவீங்க மாமா. நல்ல பிள்ளை. இந்த நேரத்தில் நல்ல பிள்ளை. உள்ளே பளிங்கு. ஊதுவத்தி மாதிரி ஏதோ மணம். துடைக்கிற ஆள் ஒருவன், ஒவ்வொருவர் வெளியே வந்ததும் உள்ளே போய் எட்டிப் பார்த்துத் துடைக்கிறான். நான் கதவைச் சாத்திப் பையைத் திறந்தேன், டப்பாவைத் திறந்தேன், பாலிதீன் கவரைத் தொட்டேன். மெத்தென்று இருந்தது. மணல் மாதிரி விரலுக்கு வழிவிட்டது. இதைக் கொட்டினால் மிதக்கும். மிதந்தது தண்ணீர் இழுத்தாலும் பீங்கானில் ஒட்டும். அவள் அரைத்த கையில் ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன், சோப்புப் போட்டாலும் போகாது. அந்த ஆள் எட்டிப் பார்ப்பான். மேலே பார்த்தேன், கூரையில் கறுப்பாக ஒரு குமிழி. கேமராவோ, விளக்கோ, வேறு என்ன இழவோ. எறிகிறவன்தான் மாட்டுவான். எத்தனை பேரை அப்படிப் பிடித்திருக்கிறேன், வைத்திருந்தபோது இல்லை, எறிந்தபோது. மாமா, ஆச்சா? ஆச்சு மாப்பிள்ளை. கவரை மறுபடி டப்பாவில் போட்டு மூடினேன். மூடி டப்பென்று சத்தம் போட்டது. பளிங்கில் எல்லாம் சத்தம். வெளியே வந்து கையைக் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன். நகத்துக்குள் ஒன்று வெள்ளையாக இருந்த மாதிரி. இல்லை, நகம்தான்.

திரும்பி வந்தபோது வரிசை முன்னேறியிருந்தது. செல்வி இடம் பிடித்து வைத்திருந்தாள், வெள்ளைக்காரர்கள் விலகி வழிவிட்டார்கள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. எவனாவது சண்டை போட்டு வெளியே தள்ளியிருக்கலாம். இனிமேல் ரெண்டு வளைவு. எந்திரத்தின் முனகல் கேட்கிறது. பிளாஸ்டிக் தட்டு விழுகிற சத்தம். பெல்ட்டைக் கழற்று என்று சைகை காட்டுகிறான் ஒருவன், ஆப்பிரிக்காக்காரன், ஆறடிக்கு மேல், கறுப்புக் கோட்டு. பார்வை கீழே போகிறது. காலைப் பார்க்கிறானா? காலைத்தான் பார்க்கிறான். என் தொழில் தெரிந்தவன். ஏசி குளிரில் என் முதுகு நனைந்து பனியன் ஒட்டிக்கொண்டது. வெளியே வெயில் தீயாகக் காய்கிறது, அங்கே வேர்க்கவில்லை, இங்கே வேர்க்கிறது, இதையும் அவன் கணக்கில் எடுப்பான். சுவரில் படம் போட்டிருக்கிறார்கள். கத்தி, சிவப்புக் கோடு. பலூன், சிவப்புக் கோடு. பலூன் என்ன பாவம் செய்தது? ரொட்டி, தண்ணீர் பாட்டில், சிவப்புக் கோடு. கசகசாவுக்குப் படம் இல்லை. படம் போடுகிற அளவுக்குச் சின்னக் குற்றம் இல்லை போலும். திரையில் அது எப்படித் தெரியும்? மாத்திரை வட்டமாகத் தெரியும். தைலக் குப்பி குப்பியாகத் தெரியும். அதற்கு நடுவே ஒரு மூட்டை. பொடி மூட்டை. எந்த ஊர் எந்திரத்துக்கும் பொடி மூட்டை என்றால் ஒரே அர்த்தம். இப்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டால் நல்லது. ஆம்புலன்ஸில் ஏற்றுவார்கள், பையும் கூட வரும், ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பார்கள். வேண்டாம், விழக்கூடாது. சீனாக்காரர்கள் உள்ளே போய்விட்டார்கள். வெள்ளைக்காரக் குழந்தை கையில் பன் ஒன்று வைத்திருந்தது. கறுப்புக் கோட்டுக்காரன் குனிந்து அதனிடம் ஏதோ சொன்னான், பல் தெரிய. பிறகு நிமிர்ந்து எல்லோருக்குமாக உரக்கச் சொன்னான். என்ன சொல்றான் என்று கேட்டேன். என் குரல் எனக்கே கிணற்றுக்குள் கேட்டது. மாப்பிள்ளை சொன்னார், சாப்பிடுற பண்டம் உள்ளே கொண்டுபோகக் கூடாதாம் மாமா, கையில இருக்கிறதை இங்கயே சாப்பிட்டு முடிச்சிரணும், இல்லைன்னா அந்தத் தொட்டியில போட்டிரணும். சொல்லிவிட்டு அவர் பாக்கெட்டிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்துச் செல்வி வாயில் போட்டார். செல்வி எங்களைப் பார்த்து வெட்கப்பட்டுத் திரும்பிக்கொண்டாள். அந்த ஒரு கணம். பின்னாலிருந்து கை வந்தது. என் பை ஜிப்பு திறந்தது. நான் திரும்பவில்லை. திரும்பினால் அவர்களும் திரும்புவார்கள். டப்பா மூடி சத்தம் போடவில்லை. அவள் திறந்தால் சத்தம் போடாது போலும்.

பிறகுதான் மெல்லத் திரும்பினேன். கவரின் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்திருந்தாள். தலையை அண்ணாந்து, காளி கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி, வாய்க்குள் கொட்டினாள். கன்னம் ரெண்டும் உப்பிவிட்டது. மென்றாள். பச்சைக் கசகசா, ஊறாதது, மாவாக அடைத்துக்கொள்ளும். கண்ணில் தண்ணீர் வந்தது. மென்றாள். வரிசை நகர்ந்தது, மென்றுகொண்டே நகர்ந்தாள். நான் குறுக்கே நின்றேன். எனக்கு வேறு வேலை இல்லை, அகலமாக நிற்பதுதான் வேலை. துப்பிரு என்று சொல்லப் போனேன். எங்கே துப்புவது? தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். குடித்தாள். பாதிதான். மீதியைக் கொஞ்சம் அந்தக் கவருக்குள் விட்டாள், வீட்டில் பால் கவரை அலசுவாளே, ஒரு சொட்டு வீணாகக் கூடாது என்று, அதே மாதிரி மூலை மூலையாகக் குலுக்கி, அலசி, அதையும் குடித்தாள். திரும்பவும் விட்டாள், திரும்பவும் குடித்தாள். பிறகு டப்பாவை உதறிப் பார்த்தாள், மாத்திரை அட்டையை ஊதினாள், கவரைச் சின்னதாக மடித்து இடுப்பில் சொருகினாள். அதற்குள் செல்வி திரும்பிவிட்டாள். என்னம்மா சாப்பிடுற? அவளால் பேச முடியவில்லை. வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். நான் சொன்னேன், பொரிகடலை. பொய் இவ்வளவு லேசாக வரும் என்று எனக்குத் தெரியாது, இத்தனை நாள் மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். காலம்பற சாப்பிடலையா அத்தை, மேல போய் ஏதாவது வாங்கித் தர்றேன் என்றார் மாப்பிள்ளை. கறுப்புக் கோட்டுக்காரன் அவளைப் பார்த்தான். அவள் காலியான பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள், வாயைத் துடைத்தாள், முடிச்சாச்சு என்கிற மாதிரி கையை விரித்தாள். அவன் சிரித்துக் கட்டைவிரலை உயர்த்தினான். வெரி குட் மாமா என்றான். அவன் ஊரில் அம்மாவை அப்படித்தான் சொல்வார்களாம்.

பையைத் தட்டில் வைத்தேன். எந்திரத்தின் வாய்க்குள் போயிற்று. உள்ளே கொஞ்ச நேரம் நின்றது. நின்றது என்றுதான் எனக்குப் பட்டது. உட்கார்ந்திருந்தவன் நிமிரவில்லை. அந்தப் பக்கம் பை வந்து விழுந்தது. எடுத்துத் தோளில் போட்டேன். பட்டை தோளில் நிற்காமல் ரெண்டு தடவை வழுக்கியது, மாப்பிள்ளை பார்த்தார், ஏசியில கை விறைச்சிருக்கும் மாமா என்று அவரே சொல்லிக்கொண்டார். லிப்டுக்குள் இருட்டு, நீல விளக்கு, சுவரில் படம் ஓடியது, காது அடைத்தது. முடிந்தது என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். முடியவில்லை. இப்போது அது அவளுக்குள் இருக்கிறது. எனக்கு ஒரு கரண்டி, அதுவும் அரைத்துப் பாலில். அவள் நாலு கரண்டி, பச்சையாக, வெறும் வயிற்றில். ஏதாவது ஆகுமா? யாரைக் கேட்பது? மேலே கதவு திறந்தது. கண்ணாடி, கண்ணாடி, கண்ணாடிக்கு அப்பால் ஒன்றுமே இல்லை, கீழே ரோடெல்லாம் கோலம் மாதிரி கிடந்தது, அதற்கப்புறம் மணல். எல்லோரும் ஆ என்றார்கள். நான் அவளைப் பார்த்தேன். கொட்டாவி விட்டாள். பெரிய கொட்டாவி. நேற்று ராத்திரி கூடாரத்தில் என்னோடு அவளும்தான் முழித்துக் கிடந்தாள், அதனால் இருக்கும். அதனால்தான் இருக்கும். சுவரோரம் ஒரு பலகை இருந்தது, போய் உட்கார்ந்தாள். அம்மா, இங்க வந்து பாரு, நம்ம வீடு தெரியுது என்றாள் செல்வி. தெரியாது, எங்கிருந்து தெரியும், ஆனால் சொன்னாள். பலகையிலிருந்தே அவள் கையை அசைத்தாள், நீங்க பாருங்க என்று. கண் செருகியது. அத்தைக்கு உறக்கம் வருது போல என்றார் மாப்பிள்ளை. உலகத்தின் உச்சியில் வந்து உட்கார்ந்து உறங்குகிறாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். கடைவாய் ஓரம் ஒன்று ஒட்டியிருந்தது, வெள்ளையாக, ஒரே ஒரு விதை. இதற்குக் கேமரா எத்தனை இருக்கிறதோ. பெருவிரலால் துடைத்தேன். நாலு பேர் பார்க்க நான் அவள் முகத்தைத் தொட்டதில்லை. விரலை என் நாக்கில் வைத்துக்கொண்டேன். அதுவும் முடிந்தது. மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. சீராகத்தான் வந்தது. இருந்தாலும் பயமாக இருந்தது. எழுப்பவேண்டும் போல இருந்தது, எழுப்பி, நல்லாத்தான இருக்க என்று கேட்கவேண்டும் போல. இந்தா என்றேன். அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம். கண் திறக்கவில்லை. இந்தா என்றேன் மறுபடி. செல்வி கண்ணாடிப் பக்கம் இருந்து திரும்பிப் பார்த்தாள், மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். குனிந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். சண்முகவடிவு.